காற்றில் போட்ட சிலுவை

திருவண்ணாமலையில் பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிவிடுவார்கள். அவர்களுக்குத் தொளதொள பேண்ட்டும் சட்டையும் தைத்துக் கொடுத்துத்தான் அப்பா எங்களைக் காப்பாற்றினார். அதனால் பங்குனி வந்தால் எங்கள் வீட்டில் தையல் மெஷின் சத்தம் குறைந்துவிடும். "எங்கப்பா போறாங்க எல்லாரும்?" என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். "அவங்க ஊர்ல இப்பதான் பூப் பூக்குமாம். அதப் பாக்கப் போறாங்க" என்றார். பூவைப் பார்ப்பதற்காக ஒரு ஜனம் விமானம் ஏறிப் போகுமா என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகு அந்தப் பூவை நானும் பார்த்தேன். பார்த்து, ஒரு மாதம் ஈரக்குலை நடுங்க வாழ்ந்தேன்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊர். அங்கே முதியோர் இல்லத்தில் எனக்குப் பராமரிப்பு வேலை. அதற்கு முன்னால் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் நான். மருத்துவம் ஒன்றும் படித்தவள் இல்லை. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டிவிடுவது, இதுதான் வேலை. மகளை இரண்டரை வயதில் கணவரிடம் விட்டுவிட்டு வந்தேன். இரண்டு வருடம் கழித்து, ஒரு மார்ச் மாதத்தின் நடுவில், அவர்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காகவே நான் தங்கியிருந்த அறையைக் காலிசெய்து, ஊரின் ஓரத்தில் ஒரு சின்ன வீடு பிடித்திருந்தேன். பின்பக்கம் புல்தரை, வேலியோரம் வெள்ளைப் பட்டை உரிந்த மரங்கள் நாலு. பிள்ளை விளையாட இடம் இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் குடும்ப ஜெபம் எல்லாக் கிறிஸ்தவ வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அது ஆமெனோடு முடியாது. ஆமென் சொன்னதும் பிள்ளைகள் வந்து முன்னால் நிற்க வேண்டும். பெரியவர் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு, அதே இடத்தில் ஒரு முத்தம் கொடுப்பார். பிள்ளை "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். எந்தப் போதகரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பக்கத்து வீடுகளிலும் நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பாவின் அப்பா காலத்திலிருந்து வருவது. அந்த இரண்டு வருடமும் வீடியோ காலில் மகள் நெற்றி தெரியும் இடத்தில் போன் கண்ணாடிமேல் சிலுவை போட்டுக்கொண்டிருந்தேன். சில நாள் லைன் கட்டாகி, கறுத்துப்போன கண்ணாடியில் போட்டிருக்கிறேன்.

வந்து இறங்கிய முதல் மூன்று நாள் அவள் என்னிடம் வரவே இல்லை. அப்பாவின் கால் இடுக்கிலிருந்து எட்டிப் பார்ப்பாள். எதிர்பார்த்ததுதான் என்று வாயால் சொல்லிக்கொண்டேன், வயிறு எரிந்தது. நாலாம் நாள் காலையில் தானாக வந்து மடியில் உட்கார்ந்து, என் கழுத்தில் மூக்கை வைத்து, "நீ போன்ல வேற மாரி இருந்த" என்றாள். அன்றைக்குச் சமையல் முழுக்க அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே செய்தேன். சாயங்காலம் உண்மையான நெற்றியில் உண்மையான சிலுவை போட்டேன். அப்படி ஆறு நாள் போட்டேன். ஏழாம் நாள் எனக்கு இருமல் வந்தது.

வறட்டு இருமல். தொண்டை அடியில் ஏதோ ஊர்வதுபோல. கண் எரிந்தது, உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. மிளகும் கல்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு மூன்று நாள் பார்த்தேன். நிற்கவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போகும் வழியில், பஸ்ஸில், அப்பாவின் ஞாபகம் வந்தது.

எனக்கு ஒன்பது வயதில் அப்பாவுக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் மாத்திரை. அந்த ஆறு மாதமும் அவர் பின்கட்டில் மெஷின் அறையிலேயே கிடந்தார். தனித் தட்டு, தனி டம்ளர். தைக்கக் கொடுப்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்று அம்மா எல்லோரிடமும் மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். "கிட்ட போவாத. வாசப்படியத் தாண்டினா உனக்கும் ஒட்டிக்கும், அப்பாலே நீயும் உள்ளதான் கெடக்கணும்" என்றார். நான் தாண்டவில்லை. ஜெபத்தின்போது அப்பா உள்ளே இருந்தபடியே எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வார். சிலுவை போடுவது அம்மாவின் கைக்கு மாறியது. அப்பா குணமாகி வெளியே வந்த பிறகும் அது அம்மாவின் கையிலேயே இருந்துவிட்டது.

இருமல் எனக்கு அப்படித்தான் பழக்கம். மற்றவர்களுக்கு அது ஒரு சத்தம். எனக்கு அது ஒரு மூடிய அறை.

விசாவுக்காகச் சென்னையில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றுதான் வந்திருந்தது. ஆனால் இந்த நோய் வருடக்கணக்கில் உள்ளே தூங்கிக் கிடக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அது போதாதா. டாக்டரிடம் போனால் பதிவாகிவிடும், பதிவானால் விசா போய்விடும், மூன்று பேரையும் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று நானே வழக்கு நடத்தி நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கேட்டதே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். கணவரிடமும் மூச்சு விடவில்லை. இருந்த வேலையை விட்டுவிட்டு என்னை நம்பி வந்த மனிதர். வேலை இடத்தில் இரட்டை மாஸ்க் போட்டுக்கொண்டேன். அந்த வயதானவர்களுக்கு ஒட்டிவிடுமே என்கிற பயம் எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

முதலில் வந்த பயம் மகளைப் பற்றியது. ஊரிலிருந்து கொண்டுவந்த கோரைப்பாயை ஹாலின் நடுவில் விரித்தேன். "இந்தப் பாய் ஓரம் இருக்கு பாரு, இதத் தாண்டி அம்மாகிட்ட வரக் கூடாது" என்றேன்.

"ஏன்?"

"அம்மா வேலை செய்ற எடத்துல கிருமி. உனக்கு ஒட்டிக்கும்."

"ஒட்டிக்கிட்டா?"

"ஊசி போடுவாங்க."

ஊசி என்றதும் அவள் கால் பின்னால் போனது. அம்மா எனக்குச் சொன்ன வார்த்தையைக் கொஞ்சம் மாற்றி நான் சொல்கிறேன் என்று அப்போது தோன்றக்கூட இல்லை. அன்று சாயங்காலம் ஆமென் சொன்னதும் அவள் பாய் ஓரம் வந்து நின்றாள். நான் எதிர்ச் சுவரோரம் நின்று, மாஸ்க்குக்குள் வாயை அசைத்து, காற்றில் சிலுவை போட்டேன். அவள் கண்ணை இறுக மூடி நெற்றியை முன்னால் நீட்டிக்கொண்டாள். முத்தத்தை அவள் அப்பா கொடுத்தார். அவளுக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. இரண்டொரு நாள் சிரித்தாள்.

அது ஈஸ்டருக்கு முன்னால் வரும் லெந்து காலம், நாற்பது நாள் தவம். எங்கள் பக்கத்தில் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருப்பார்கள். நான் இரண்டு வேளை விட்டேன். ஜெபம் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை, பேரம் பேசினேன் என்பதுதான் சரி. ஆண்டவரே, ஈஸ்டர் வரைக்கும் இரவுச் சாப்பாடு மட்டும்தான், பிள்ளைக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் என்று பொருத்தனை செய்தேன். இரண்டு வேளை பட்டினி கிடந்து, முதியவர்களைத் தூக்கி உட்கார வைக்கிற வேலையும் செய்தால் உடம்பு என்ன ஆகும்? இளைத்தது. சீருடை பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்திக்கொண்டேன். இளைத்ததைப் பார்த்து எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அப்பாவும் இப்படித்தான் இளைத்தார். பயம் ஜாஸ்தியானதும் இரவுச் சாப்பாட்டையும் பாதியாக்கினேன், இன்னும் இளைத்தேன். இப்போது எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

வெளியே அந்த ஊர் ஜொலித்தது. கிளை தெரியாமல் பூத்த மரங்கள். எங்கள் வேலியோர மரங்களில் புழுப் புழுவாக ஏதோ தொங்கியது, காற்று அடித்தால் அதிலிருந்து மஞ்சள் தூள் பறந்தது. தெருவில் நின்ற கார்கள்மேல் எல்லாம் மஞ்சள் பூசியதுபோல இருந்தது. வேலை இடத்தில் ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போவேன். அவர் முகத்தைத் தூக்கி மூச்சை இழுத்து இழுத்து விடுவார். எனக்கு ஒவ்வொரு மூச்சும் நெஞ்சில் கீறியது. இதைப் பார்க்கத்தான் செங்கம் ரோட்டிலிருந்து ஓடி வந்தார்களா என்று எரிச்சலாக வந்தது. துவைத்த துணியை எல்லாம் அந்த மரங்களுக்கு அடியில்தான் காயப்போட்டேன். தலையணை உறையையும்தான்.

மூன்றாம் வாரம் கணவர் பொறுமை இழந்தார்.

"இன்னா ஆச்சு உனக்கு? ரெண்டு வருஷம் போன்ல அழுத. இப்ப கொண்டாந்து எதிர்ல விட்டா தொட மாட்டேன்ற."

"கிருமிங்க. சொன்னேன் இல்ல."

"உன்கூட வேலை செய்றவங்க யாரும் புள்ளையத் தூக்கறதில்லையா?"

நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"எங்கிட்ட எதுனா மறைக்கிறியா?"

"ஒண்ணுமில்ல. ஈஸ்டர் வரைக்கும் விடுங்க."

"ஈஸ்டருக்கும் கிருமிக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு அவர் வெளியே போய்விட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மகள் அதைப் பார்த்துக்கொண்டு பாய்க்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் சிலுவைக்கு நெற்றியைக் காட்டும்போது அவள் சிரிப்பதில்லை. பல் தேய்ப்பதைப்போல அதையும் செய்தாள். தடுக்கி விழுந்தால் "அப்பா" என்றுதான் அழுதாள்.

குருத்தோலை ஞாயிறு அன்று சர்ச்சில் காய்ந்த ஓலையில் மடித்த சின்னச் சிலுவைகளைக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் பச்சை ஓலையை ஆளுயரத்துக்குப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் பாடிக்கொண்டு போவோம். இங்கே முப்பது பேர், எல்லோருக்கும் எழுபது வயது. கணவரும் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் கடைசி பெஞ்சில் தனியாக இருந்தேன். பக்கத்து ஜன்னல் மேடையில் ஒரு பெரிய ஜாடி நிறையப் பூங்கிளைகள். பாட்டு நடுவில் தும்மலும் இருமலும் சேர்ந்து வந்து நிற்கவே இல்லை. மாஸ்க்கைக் கழற்றி மூக்கைச் சிந்தினேன். கைக்குட்டையில் சிவப்பு.

சொட்டுச் சொட்டாக இல்லை, ஒரு கோடு. சிவப்புதான். கைக்குட்டையை மடித்தேன், பிரித்தேன், திரும்ப மடித்தேன். முன்வரிசையில் மகளின் பின்னந்தலை தெரிந்தது. நான் கட்டிய ரிப்பன் இல்லை, அவள் அப்பா கோணலாகக் கட்டியது. பாய் விரிப்பதற்கு முன்னால் அத்தனை நாள் அவளை இடுப்பில் வைத்திருந்தேனே, அப்போதே ஒட்டியிருந்தால்? நான் எழுந்து வெளியே போய், சர்ச் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சர்ச்சில் பூ அலங்காரம் செய்கிற மூதாட்டி என் பின்னாலேயே வந்தார். அவர் கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

"உனக்கும் இதுதானா? எனக்கு நாற்பது வருடமாக இருக்கிறது" என்றார்.

நான் விலகி உட்கார்ந்தேன். நாற்பது வருடமாகக் காசநோயோடு ஒரு மனுஷி பூ வைத்துக்கொண்டிருக்கிறாளா, இவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்களா என்று எனக்குப் புரியவில்லை. கைக்குட்டையைக் காட்டினேன். யாருக்கும் காட்டாததை அந்த அம்மாவுக்கு ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"மூக்கைச் சிந்திச் சிந்தி எனக்கும் இப்படி வரும். எல்லாம் மரங்கள் செய்கிற வேலை" என்றார். "ஆனால் நீ எதற்கு இப்படி நடுங்குகிறாய்?"

அப்போதுதான் சொன்னேன். அப்பா, மெஷின் அறை, விசா, பாய், எல்லாம். இங்கிலீஷ் பாதி, அழுகை பாதி. அவர் என் வீட்டு விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை தன் காரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தி, என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். கணவரிடம் அந்த வாசலில் வைத்துத்தான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "இத்தினி நாள் தனியா இதச் செமந்துட்டு இருந்தியா" என்றுதான் கேட்டார்.

டாக்டர் ஒரு இளம்பெண். நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், மூக்கில் விளக்கு அடித்துப் பார்த்தார். மழை பெய்கிற நாளில் இருமல் குறைகிறதா என்று கேட்டார். யோசித்தேன். குறைந்தது. மழை வந்தால் காசநோய் லீவு எடுக்காது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அப்பாவின் விஷயத்தால் எக்ஸ்ரேயும் எடுத்துவிடலாம் என்றார். எந்த நோயாக இருந்தாலும் இங்கேயே மருந்து கொடுப்போம், அதற்காக யாரையும் ஊருக்கு அனுப்புவதில்லை என்றும் சொன்னார். பார்த்தால் பூந்தூள் ஒவ்வாமை போலத்தான் இருக்கிறது, வெளியூர்க்காரர்களை அது முதல் வருடம் தாக்காது, இரண்டு மூன்று வசந்தம் போன பிறகுதான் தாக்கும் என்று விளக்கினார். கடைசியில் கேட்டார்: "உங்கள் ஊரில் வசந்த காலத்தில் என்ன செய்வீர்கள்?"

"எங்க ஊர்ல அப்போ வெயில்" என்றேன்.

அதே வாரம் பெரிய வியாழன் மத்தியானம் வேலை இடத்துக்குப் போன் வந்தது. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. பூந்தூள் ஒவ்வாமைதான், தினம் ஒரு மாத்திரை போதும். நான் துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முழங்கால் போட்டு, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று மட்டும் சொன்னேன். போன உயிர் திரும்பி வந்தது.

பஸ்ஸில் ஏறியதும் ஊருக்குப் போன் போட்டேன். அங்கே விளக்கு வைத்து நேரமாகியிருந்தது. அப்பாதான் எடுத்தார். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கொழந்தைய எத்தினி நாள் ஒதுக்கி வெச்சிருந்த?" என்றார்.

"நாலு வாரம்பா. இன்னிக்கோட சரி."

மெஷின் அறை வாசப்படி ஞாபகத்துக்கு வந்தது.

"அப்பா, உங்களுக்கு ஒடம்பு சரியான அப்பறம் நான் எப்ப உங்ககிட்ட வந்தேன்?"

"எப்ப வந்தியா? நான் கட்டைவிரலத் தூக்கினா நீ குனிஞ்சு ஓடிப்பூடுவ. நானும் ரெண்டு மூணு வருஷம் தூக்கிப் பாத்தேன், அப்பறம் விட்டுட்டேன்." குரலில் குறை ஒன்றும் இல்லை, யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னார். "உன் கல்யாணத்தன்னிக்குக் காலைல ஜெபம் முடிஞ்சு வந்து நெத்தியக் காட்டின. அன்னிக்குத்தான்."

எனக்கு இருபத்தாறு வயதில் கல்யாணம். பஸ் ஜன்னலுக்கு வெளியே மரங்கள் பூவாகப் போய்க்கொண்டிருந்தன. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். மாஸ்க்கைக் குப்பையில் போட்டேன். சோப்புப் போட்டு முகம் கழுவி, ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்திச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். ஆறரைக்கு ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். கணவர் பாட்டை ஆரம்பித்தார். மகள் அவர் தொடைமேல் சாய்ந்திருந்தாள். ஆமென் சொன்னோம்.

அவள் எழுந்து வந்தாள். பாய் அங்கே இல்லை, வெறும் தரைதான். ஆனாலும் பாய் ஓரம் இருந்த இடத்தில் சரியாக வந்து நின்றாள்.

"இன்னிக்குக் கிட்ட வரலாம்மா" என்றேன். "அம்மாவுக்குக் கிருமி எல்லாம் போயிடுச்சு. டாக்டர் சொல்லிட்டாங்க."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் திரும்ப என்னைப் பார்த்தாள். ஒரு காலை முன்னால் வைத்தாள், உடனே எடுத்துக்கொண்டாள்.

"வாணாம். நீ அங்கருந்தே போடு" என்றாள்.

எழுந்து போய் அவளை வாரி எடுத்திருக்கலாம். நாலு எட்டுத்தான். கிட்டப் போனால் அவள் குனிந்து ஓடுவாளோ என்று பயமாக இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கட்டைவிரலைத் தூக்கினேன். அவள் தினமும் செய்வதுபோலக் கண்ணை மூடி நெற்றியை நீட்டினாள். நான் காற்றில் சிலுவை போட்டேன். அவள் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு, முத்தத்துக்கு அப்பாவிடம் போனாள்.